நீங்க முன்னாடி போங்க, சம்பந்தி

கடலை ஒட்டிய பழைய சிற்றூர் ஒன்றைக் காணச் செல்வோர் அங்கே செய்யத்தக்கவை ஆறு என்று எங்கள் கையிலிருந்த அட்டை கூறியது. அட்டையை அச்சிட்டவர்கள் சொல்லாமல் விட்ட ஏழாவது ஒன்றை நான் சேர்ப்பேன். சம்பந்தியோடு செல்பவர், இருவரில் யார் முன்னால் நடப்பது என்பதைப் படகில் ஏறும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நாங்கள் பேசி முடிக்கவில்லை. அதனால் நேர்ந்தவற்றை முறையாக எடுத்துரைக்கிறேன்.

என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்து ஓராண்டு நிறைவுற்றிருந்தது. அந்த ஓராண்டில் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் இடையே ஒரு கடுஞ்சொல்கூட எழுந்ததில்லை. வேறு எந்தச் சொல்லும் எழுந்ததில்லை என்பதே உண்மை. "நீங்க சாப்பிடுங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்னும் இரு வாக்கியங்களைக் கொண்டே ஓராண்டுக் காலத்தை ஓட்டிவிட்டோம். அவர் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுவேன். நான் எழுந்ததைக் கண்டு அவர் அமர மாட்டார். ஆகவே எங்கள் சந்திப்புகளில் நாற்காலிகள் மட்டுமே ஓய்வெடுத்தன.

இதைப் பார்த்துப் பார்த்துக் கால் வலித்தவர் மாப்பிள்ளை. ஒருநாள் இரண்டு படகுச் சீட்டுகளோடு வந்து நின்றார்.

"அத்தை, நீங்களும் அம்மாவும் ஒரு நாள் போய்ட்டு வாங்க. கடல் இருக்கு, பீரங்கி இருக்கு, காத்து வரும். காலையில படகு, ராத்திரிக்குள்ள வீடு."

மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துச் சென்றாள். "அம்மா, உனக்கு என்ன வேணுமோ அதை வாயைத் திறந்து கேளு. அத்தை ஒண்ணும் உன்னைக் கடிச்சுட மாட்டாங்க."

"கடிச்சாலும் அவங்க பல்லுக்கு என்னடி குறை?" என்றேன் நான்.

குறை இருக்க வழியில்லை. சம்பந்தியம்மா பல் மருத்துவமனை ஒன்றில் முப்பது ஆண்டுகள் மருத்துவரின் வலப்பக்கத்தில் நின்றவர். மருத்துவர் குறடைக் கையில் எடுத்ததும் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தப் பிடியிலிருந்து நழுவிய கை இன்றுவரை இல்லை என்று மாப்பிள்ளையே பெருமையாகச் சொல்வார். எவரைக் கண்டாலும் அவர் முதலில் நோக்குவது முகத்தையன்று, முன்பற்களை.

என் தொழில் வேறு. பல்பு தொழிற்சாலையில் சோதனை மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தேன். பல்பைக் குழியில் பொருத்துவேன், விசையைப் போடுவேன், ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன், அணைப்பேன், பெட்டியில் வைப்பேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு பல்புகள். நான் ஏற்றிய விளக்குகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு நகரமே பகலாகிவிடும். ஆயினும் அவற்றுள் ஒன்றுகூட என் கையில் மூன்றாம் நொடியைக் கண்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கை ஓய்வு பெறவில்லை. வீட்டில் எந்த விசையைப் போட்டாலும் இரண்டு நொடியில் கை தானாகவே அதை அணைத்துவிடும். "அம்மா! உள்ள நான் குளிச்சிட்டிருக்கேன்!" என்று இருட்டிலிருந்து மகள் அலறிய நாள்கள் பல.

இத்தகைய ஒருத்தி, படகுத்துறையில் கொடுத்த அட்டையில் பின்வருமாறு படித்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்:

"ஐந்து இடங்களிலும் முத்திரை பெற்று, கலங்கரை விளக்கத்தின் உச்சியிலுள்ள மேசைமேல் அட்டையை முதலில் வைப்பவர், அன்றைய மாலை விளக்கைத் தம் கையால் ஏற்றலாம். ஒருவருக்கு மட்டுமே அனுமதி. விளக்கு ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஏற்றப்பட்டு விடியும்வரை எரியும்."

விடியும்வரை! அந்தச் சொல்லை மூன்று முறை படித்தேன். இருபது மைல் தொலைவிலுள்ள கப்பலுக்கும் தெரியும் விளக்கு. என் கையால் ஏற்றி, யாரும் அணைக்காமல், விடியும்வரை! எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பீரங்கியும் கடற்காற்றும் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

"விளக்கெல்லாம் ஏத்தலாமாமே," என்றார் சம்பந்தியம்மா, தம் அட்டையைப் படித்தபடி.

"நீங்களே ஏத்துங்க, சம்பந்தி," என்றது என் வாய். என் வாய்க்கும் எனக்கும் அன்று காலையிலிருந்தே ஒத்துப்போகவில்லை.

"ஐயையோ, நான் எதுக்கு? நீங்க ஏத்துங்க."

"இல்ல இல்ல, நீங்க."

படகில் சன்னலோர இருக்கை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. நான் அவரை அதில் அமரச் சொன்னேன். அவர் என்னை அமரச் சொன்னார். இவ்வாறு நாங்கள் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்கையில், "மன்னிக்கணும்மா" என்றொரு குரல் கேட்டது. யானைக் காதுபோல் வாய் விரிந்த பித்தளை வாத்தியம் ஒன்றை மார்போடு அணைத்தபடி பருத்த மனிதர் ஒருவர் எங்களுக்கிடையே புகுந்து சன்னலோரம் அமர்ந்தார். அன்றிரவு அவ்வூர்ச் சதுக்கத்தில் வாசிக்க வந்தவராம். வாத்தியம் இரவல் வாங்கியதாம். ஆகவே ஒரு கணமும் கீழே வைக்கமாட்டாராம். இவரை இனிப் பித்தளைக்காரர் என்று குறிப்பிடுவேன். பயணம் முழுவதும் கடலை அவர் பார்த்தார். நாங்கள் அவருடைய பித்தளையில் கோணலாகத் தெரிந்த எங்கள் முகங்களைப் பார்த்தோம்.

"பொழுது போகணும்ல, நானும் அஞ்சு முத்திரை வாங்கப் போறேன்," என்று எங்களைப் போன்றதொரு அட்டையை அவர் ஆட்டிக் காட்டினார். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முதலிடம் பீரங்கி மேடை. அங்கே ஒரு தொலைநோக்கி உண்டு. காவலர் அதன் மூடியைத் திறந்து, ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் என்றார். "நீங்க பாருங்க." "நீங்க முதல்ல." மூன்று நிமிடமும் எங்கள் மரியாதையிலேயே கழிந்தது. கடைசி அரை நிமிடத்தைப் பித்தளைக்காரர் வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டார். "அப்பா! ஒரு கப்பல், மூணு பாய்மரம்! பாக்கிறீங்களா? ஐயோ, மூடிட்டாரே." முத்திரை மட்டும் கிடைத்தது.

அருங்காட்சியகத்தில்தான் சம்பந்தியம்மாவின் வேறொரு முகத்தை முதன்முதலாகக் கண்டேன். நங்கூரங்களையும் கிழிந்த கொடிகளையும் அவர் சாங்கியத்துக்குப் பார்த்து வந்தார். மூன்றாம் அறையில், விட்டத்திலிருந்து ஒரு சுறாவின் தாடை தொங்கியது. ஆள் நுழையும் அகலம், அடுக்கடுக்காகப் பற்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லவுமில்லை. என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஓடினார்!

"சம்பந்தி, பாத்தீங்களா! ஒரு சொத்தை இல்ல! ஒண்ணு விழுந்தா பின்வரிசை முன்னால வந்துடும் போல. அடேயப்பா! இது மட்டும் நம்ம ஊர்ல இருந்திருந்தா எங்க டாக்டர் கடையை மூடிட்டுப் போயிருப்பார்!"

"அம்மா, தலையை உள்ள விடாதீங்க," என்று அருங்காட்சியகக் காப்பாளர் விரைந்து வந்தார்.

சம்பந்தியம்மா தாடைக்குள்ளிருந்தே திரும்பி அவருடைய வாயை நோக்கினார். "உங்களுக்கு மேல்வரிசையில இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஆடுது. சரியா?"

காப்பாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"பேசும்போது நாக்கு அங்கயே போகுதே. சூடா எதுவும் குடிக்காதீங்க. நாளைக்கே போய்க் காட்டுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா பக்கத்துப் பல்லையும் கூட்டிட்டுப் போயிடும்."

காப்பாளர் கலங்கிப்போய் எங்கள் அட்டைகளில் இரண்டிரண்டு முறை முத்திரை குத்தினார்.

மூன்றாமிடமாகிய பழைய சுங்கச் சாவடியில் எங்கள் மரியாதை எங்களைப் பழிவாங்கியது. கடத்தல்காரர்களைப் பூட்டி வைத்த கற்சிறை ஒன்று அங்கே உள்ளது. அதன் வாசல் இடுப்பளவுதான். ஒவ்வொருவராகக் குனிந்தே நுழைய வேண்டும். முத்திரையோ உள்ளே, அறையின் கடைசியில். "சம்பந்தி, நீங்க குனியுங்க." "பெரியவங்க நீங்க, நீங்க குனியுங்க." "நான் எங்க பெரியவ? உங்களுக்கு ரெண்டு மாசம் இளையவ." இதற்குள், "வழி, வழி" என்று பித்தளைக்காரர் வாத்தியத்தை முன்னே தள்ளிக்கொண்டு நுழைந்தார். அவர் வெளியே வந்து சேர்ந்தபோது காவலாளி சாவியைத் திருப்பினார்.

"சாப்பாட்டு நேரம். நாலு மணிக்கு வாங்க."

பித்தளைக்காரருக்கு மூன்று. எங்களுக்கு இரண்டு. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லிவைத்தவர், சம்பந்தியோடு ஊர்சுற்றியிருக்க மாட்டார்.

துறைமுகக் கடை ஒன்றில் ரொட்டியும் வறுத்த மீனும் வாங்கிப் பசியாறினோம். தட்டில் கடைசியாக ஒரு துண்டு எஞ்சியது. நல்ல துண்டு; முள்ளில்லாத நடுத்துண்டு. அதை அவர் என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். தட்டு நான்கு முறை போய்வந்தது. ஐந்தாம் முறை வானிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று விழுந்தது; எழுந்தது; மீன் இல்லை. மேசைக்கு மேல் ஒரு கடற்பறவை எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் கத்திக்கொண்டு பறந்தது.

சம்பந்தியம்மா சற்று நேரம் தட்டையே உற்றுப் பார்த்தார். "அதுக்குப் பல்லே கிடையாது. அது வந்து தூக்கிட்டுப் போகுது பாருங்க," என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மீனை அவர் உண்மையிலேயே விரும்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மாளுக்கும் ஆசைகள் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காமிடம் தோளிடிச் சந்து. எதிரெதிர் வீட்டார் சன்னலிலிருந்தபடியே கைகுலுக்கலாம் என்னும் அளவுக்குக் குறுகலானது. இருவர் சேர்ந்து நடக்க முடியாது. இனி நடந்ததை வாசகர் ஊகித்திருப்பார். சந்தின் வாயில் நாங்கள் ஒருவரையொருவர் வரவேற்றுக்கொண்டே நின்றோம். எங்களுக்குப் பின்னால் கூடை சுமந்த பெண்மணி, தபால்காரர், ஒரு நாய், நாயை இழுத்து வந்தவர் என வரிசை நீண்டது.

மாடிச் சன்னலொன்று திறந்தது. ஈரத்துணியைப் பிழிந்தபடி ஓர் அம்மாள் கீழே நோக்கினார்.

"யாராவது ஒருத்தர் போங்கம்மா! அரைமணி நேரமா பாக்கிறேன், கல்யாண வீட்டு வாசல் மாதிரி நிக்கிறீங்க!"

"அவங்க என் சம்பந்தி," என்று நான் விளக்கம் கூறினேன்.

"அப்படியா! அப்ப இன்னிக்குத் துணி காஞ்ச மாதிரிதான்!" என்று அவர் எங்கள் தலைமேலேயே துணியை உதறினார். அந்த மழைக்கு அஞ்சி இருவரும் ஒரே நேரத்தில் சந்துக்குள் பாய்ந்தோம். பாய்ந்து, பக்கவாட்டில் சிக்கிக்கொண்டோம். பின்னால் நின்ற தபால்காரர் தம் பையால் எங்களைத் தள்ளிவிட்டுக் காத்தருளினார். மறுமுனையில் முத்திரை குத்தும்போது சம்பந்தியம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறினேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதாகிய கயிற்றுக் கூடத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பாய்மரக் கப்பல்களுக்குக் கயிறு முறுக்கிய கூடம் அது. அகலம் பத்தடி, நீளம் முந்நூறு காலடி. ஒரு முனையில் இரும்புக் கைப்பிடி. மறுமுனையில் கொக்கி பூட்டிய சிறு வண்டி. ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றவர் வண்டியை இழுத்துப் பிடிக்க, இழைகள் முறுகிக் கயிறாகும். ஒரு முழக் கயிறேனும் முறுக்கியவர்க்கே முத்திரை. இதில் முன்னால் செல்பவர், பின்னால் செல்பவர் என்ற பேச்சே இல்லை. ஆளுக்கொரு முனை, அவ்வளவுதான்.

முந்நூறு காலடிக்கு அப்பால் நிற்பவரிடம் மரியாதையைக் கத்திச் சொல்ல முடியாது. நான் கைப்பிடியைச் சுழற்றினேன். அந்த முனையிலிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் மெதுவா சுத்துறீங்களா?"

"என்ன?"

"மெதுவா!"

"கேக்கல!"

"மெதுவா சுத்து! வண்டி ஓடுது!"

"நீ இழுத்துப் பிடி!"

"நான் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்! நிறுத்து! அடியே, நிறுத்துன்னா நிறுத்தேன்!"

கூடமெங்கும் "அடியே" எதிரொலித்தது. கயிறு முறுக்கும் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தனர். அவர் முந்நூறு காலடியும் ஓடி வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, ஆஸ்பத்திரியில சில பேஷன்டை அப்படித்தான் அதட்டணும், அந்தப் பழக்கம்" என்று மூச்சிரைத்தார். நானும் "நீ" என்று சொன்னதற்கு வருந்தினேன். இருவரும் மீண்டும் மரியாதைக்குள் ஏறி அமர்ந்துகொண்டோம். ஆயினும் எங்கள் கையில் ஒரு முழக் கயிறு இருந்தது. நல்ல முறுக்கு என்று தலைமைத் தொழிலாளி பாராட்டினார்.

அதன்பின் ஓட்டமே ஓட்டம். சுங்கச் சாவடிக்குத் திரும்பி ஓடினோம். நான்கு மணிக்குத் திறக்க வேண்டிய காவலாளி ஐந்தே காலுக்கு ஏப்பம் விட்டபடி வந்தார். இம்முறை இருவரும் தவழ்ந்தே நுழைந்தோம். ஐந்தாவது முத்திரையின் மை காயும் முன்பே கலங்கரை விளக்கத்தை நோக்கி விரைந்தோம். எனக்கு மூட்டு வலி என்பதை நான் மறந்துபோனேன். வலியும் என்னை மறந்துபோனது.

அடிவாரத்தில் மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. உள்ளே சுழல் படிக்கட்டு, நூற்று நாற்பத்தெட்டுப் படிகள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மேலிருந்து பித்தளை சுவரில் உரசும் ஓசை முன்னே வந்தது.

தொண்ணூறாவது படியில் அவரைக் கண்டோம். படிக்கட்டு அங்கே சட்டென்று ஒடுங்குகிறது. வாத்தியத்தின் விரிந்த வாய் சுவருக்கும் நடுத்தூணுக்கும் இடையே தக்கைபோல் இறுகியிருந்தது. அதன் வளையங்களுக்குள் கைநுழைத்திருந்த பித்தளைக்காரர், ஏறவும் இயலாமல் இறங்கவும் இயலாமல், அறைந்த ஆணிபோல் நின்றிருந்தார்.

"வந்துட்டீங்களாம்மா! தள்ளுங்க! இல்ல, இழுங்க! ஏதாவது ஒண்ணு பண்ணுங்க!"

"கீழ வெச்சுட்டு வந்திருக்கலாமே?" என்றார் சம்பந்தியம்மா.

"இரவல் வாங்கினதும்மா!"

நாங்கள் தள்ளினோம். வாத்தியம் தானாகவே ஒரு நீண்ட துயர ஒலியை எழுப்பியதேயன்றி நகரவில்லை. உச்சியிலிருந்து விளக்குக் காவலரின் குரல் கிணற்றில் விழுவதுபோல் இறங்கி வந்தது.

"அட்டை யாரு கொண்டுவர்றீங்க? இன்னும் ஏழு நிமிஷம்! யாரும் வரலேன்னா நானே ஏத்திடுவேன்!"

"அம்மா, எனக்கு விளக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்றார் பித்தளைக்காரர். "இந்த வளைவுக்குக் கீழ ஒரு ஆள் தவழ்ந்து போற இடம் இருக்கு. ஒருத்தர் மேல போய் ஏத்துங்க. இன்னொருத்தர் இங்க இருந்து இதைப் பிடிச்சுக்கங்க. நான் நெளிஞ்சு கையை எடுக்கும்போது சட்டுன்னு கழண்டா உருண்டுடும்."

ஒருவர் செல்ல, ஒருவர் பிடிக்க. கயிற்றுக் கூடம் போலத்தான். ஆனால் இங்கே முன்னும் பின்னும் உண்டு.

"நீங்க போங்க, சம்பந்தி," என்றார் அவர்.

"இல்ல, நீங்க போங்க," என்றது என் வாய்.

"நான் எதுக்கு, நீங்க போங்க."

"அட, நீங்கதான்..."

"ஆறு நிமிஷம்!" என்றது கிணறு.

என் வாயைத் திறந்து கேட்கச் சொன்ன மகள் நினைவுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு வீதம் நான் அணைத்த விளக்குகள் நினைவுக்கு வந்தன. மீனைத் தூக்கிச் சென்ற பறவையும் நினைவுக்கு வந்தது. மூன்றும் சேர்ந்து என் தொண்டையை இடித்துத் தள்ளின.

"எனக்கு வேணும்!" என்று கத்திவிட்டேன். சுழல் படிக்கட்டு முழுவதும் அது சுழன்றது. "எனக்குத்தான் வேணும், சம்பந்தி! காலையில அந்த அட்டையைப் படிச்சதிலேர்ந்து எனக்கு வேற நினைப்பே இல்ல! உங்களுக்கு நான் விட்டுக்கொடுக்கல, சும்மா சொன்னேன்! எல்லாம் சும்மா!"

பித்தளைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். மூச்சு விட்டால் வாத்தியம் ஊதிவிடும் என்று அஞ்சியிருக்கலாம்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமா?" என்றார் சம்பந்தியம்மா. "எனக்கு உயரம்னாலே ஆகாது. தொண்ணூறு படி கண்ணை மூடிட்டு ஏறினேன். எதுக்கு? நீங்க ஆசைப்படுறீங்களோ என்னமோன்னு. அதையும் கேக்க முடியல. போங்க! ஓடுங்க! நிக்கிறதைப் பாரு!"

நான் வாத்தியத்தின் வயிற்றுக்கடியில் புகுந்தேன். கொண்டை ஒரு வளையத்தில் மாட்டியது; அவிழ்த்து விட்டுவிட்டு முன்னேறினேன். ஐம்பத்தெட்டுப் படிகளைத் தலைவிரிகோலமாக ஏறி, காவலரின் மேசைமேல் அட்டையை அறைந்து வைத்தேன். காவலர் நரைத்த மீசைக்காரர், நிதானமானவர். முத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"அருங்காட்சியகம் ரெண்டு தடவை குத்தியிருக்கே?"

"அவருக்குப் பல் ஆடுது," என்றேன்.

அவர் கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் நிற்க மட்டுமே இடம். நடுவில் பூசணிக்காய் அளவு பெரிய விளக்கு. பக்கத்தில் சிவப்புப் பிடியுள்ள விசை. காவலர் வெளிமாடத்தில் கடலைப் பார்த்து நின்று, கையைக் கீழே இறக்கியதும் நான் விசையைப் போட வேண்டும். அதுவே ஏற்பாடு.

அவர் கை இறங்கியது. நான் விசையைப் போட்டேன்.

வெள்ளம்போல் பாய்ந்தது வெளிச்சம். கடல் ஒரே கணத்தில் பொன்னானது. துறைமுகத்துப் படகுகளின் கொடிமரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. என் நெஞ்சு நிறைந்தது. ஒன்று. இரண்டு.

கை அணைத்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்று வெளியிலிருந்து காவலர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" மீண்டும் போட்டேன். மீண்டும் பொன். ஒன்று. இரண்டு. மீண்டும் இருள்.

"அணைக்காதீங்க!" நிதானமானவர் துள்ளிக் குதித்தார். "இது நிலையா எரியிற விளக்கும்மா! விட்டு விட்டு எரிஞ்சா, கப்பல்காரன் இது வேற துறைமுகம்னு நினைச்சுக்குவான்!"

தொலைவிலிருந்து ஏதோ ஒரு கப்பல் ஐயத்தோடு சங்கு ஊதியது. மூன்றாம் முறை போட்டேன். வலக்கையை இடக்கையால் தடுக்க முயன்றேன். இடக்கையும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த கையாயிற்றே. அது வலக்கைக்கு உதவி செய்தது. இருள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. விடியும்வரை எரிய வேண்டிய விளக்கை நான் சோதனை செய்துகொண்டிருந்தேன்!

"சம்பந்தி!" என்று கூவினேன். வேறு எவரையும் அழைக்க எனக்குத் தோன்றவில்லை. "சம்பந்தி, கை நிக்க மாட்டேங்குது!"

படிக்கட்டில் பேரொலி எழுந்தது. பித்தளை உருளும் ஓசை; "அய்யோ, இரவலு!" என்ற அலறல், பின்னர்ப் படிகளில் திடுதிடுவென்று காலடிகள். உயரத்துக்கு அஞ்சும் அந்த அம்மாள் கண்ணை இறுக மூடியபடி, கூண்டின் வாசலில் வந்து நின்றார்.

"எங்க கை?"

"இதோ."

"போடுங்க விசையை."

போட்டேன். ஒன்று எண்ணும் முன்பே என் மணிக்கட்டு அவர் பிடிக்குள் போயிற்று. முப்பது ஆண்டுகள் எந்த நோயாளியும் தப்பாத பிடி. இரண்டு என்றதும் என் கை துள்ளியது, நகரவில்லை.

"அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்றார் அவர், பல் பிடுங்கப்படுபவரிடம் பேசும் குரலில். "வலிக்காது. மூச்சை மெதுவா விடுங்க. இதோ முடிஞ்சுடுச்சு. எரியுதா?"

"கண்ணைத் திறந்து பாருங்களேன்."

"பாக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."

மூன்றாம் நொடி. நான்காம் நொடி. அதற்குமேல் எனக்கு எண்ணத் தெரியவில்லை.

"எரியுது," என்றேன். "கடல் முழுக்க எரியுது, சம்பந்தி."

பின்னர்க் காவலர் எங்களை மரியாதையோடும் விரைவாகவும் வெளியேற்றினார். அன்றைய குறிப்பேட்டில் "விளக்கு நான்கு முறை ஏற்றப்பட்டது, பார்வையாளர் ஆர்வமே காரணம்" என்று அவர் எழுதியதை என் கண்ணால் படித்தேன். அடிவாரத்தில் பித்தளைக்காரர் வாத்தியத்தின் நசுங்கிய விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஊதிக் காட்டினார். முன்னைவிட நன்றாக ஒலிப்பதாக அவரே சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

திரும்பும் படகில் மீண்டும் சன்னலோர இருக்கை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. நான் வழக்கப்படி வாயைத் திறந்தேன். அதற்குள் சம்பந்தியம்மா இரண்டு பயணிகளைத் தாண்டி, ஒருவருடைய பெட்டியை மிதித்து, அதில் போய்த் தொப்பென்று அமர்ந்துவிட்டார்.

"சன்னல் எனக்கு," என்றார். "காலையிலேர்ந்து இது மேலதான் கண்ணு. கேட்டுடாதீங்க, தர மாட்டேன்."

"யாரு கேட்டா?" என்று அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

படகு துறையை விட்டு நீங்கியது. அவருடைய தோளுக்குமேல், கரிய நீருக்கு அப்பால், என் விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருப்பேன்.

"என்னத்தை முணுமுணுக்கிற?" என்றார் அவர். இம்முறை மன்னிப்புக் கேட்கவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காரு. முழங்கை இடிக்குது."

"நீ தள்ளு," என்றேன் நான்.